கூட்டலின் வேர்

சமானியெகோ,
வல்யதோலிதில் பதினோராவது நாளாக மூடுபனி.
மூன்றாம் மாடிச் சன்னலுக்கு வெளியே
எதிர்க் கட்டடம் இல்லை, பிசுவெர்கா ஆறும் இல்லை.
கரும்பலகை மட்டும் இருக்கிறது.
அதில் உன் கையெழுத்து,
துடைக்க வருபவருக்கு நீ எழுதிவைத்த
"அழிக்காதீர்கள்" உட்பட.

நாம் கேட்டது சின்னக் கேள்வி.
எக்ஸையும் ஒய்யையும் கூட்டு,
அதற்கொரு வர்க்கமூலம் சொல்.
ஒரே மாறி என்றால் என்றோ முடிந்த சங்கதி:
அடுக்குகளைப் பின்னமாக்க அனுமதித்தால் போதும்,
எந்தப் பல்லுறுப்புக்கோவையும்
தன் வேர்கள் அத்தனையையும்
மேசைமேல் வைத்துவிடும்.
மாறி இரண்டானதும்
பின்னங்கள் கைவிரித்தன.

நீ எக்ஸை வெளியே எடுத்தாய்.
மிச்சத்தை ஒன்று, அரை,
குறை அரைக்கால், வீசம் என்று
விரித்துக்கொண்டே போனாய்.
ஒய் ஏற ஏற
எக்ஸ் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிற்று,
லிஃப்டும் அதன் எதிர்ப்பாரமும் போல.
நான் ஒய்யை வெளியே எடுத்தேன்.
அதே ஒன்று, அதே அரை, அதே அரைக்கால்,
பாரம் மட்டும் இடம் மாறி.

உன்னுடையதை வர்க்கப்படுத்தினால் எக்ஸ் கூட்டல் ஒய்.
என்னுடையதை வர்க்கப்படுத்தினாலும் அதுவே.
இரண்டும் சரி என்பதுதான் சண்டை.
"என்னுடையது இயல்பானது, எக்ஸ்தான் முதலில் வரும்" என்றாய்.
அப்படியானால் கட்டுரையிலும்
அரான்ஸ் முதலில், சமானியெகோ பின்னால் என்றேன்.
வேடிக்கையாகத்தான் சொன்னேன்.
செப்டம்பரில் நீ லெயோனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாய்.

அக்டோபர் முழுக்க சமரசம் தேடினேன்.
உன் தொடரை என் தொடரால் பெருக்கினேன்.
ஒவ்வொரு நாற்காலிக்கும்
முடிவில்லாத பேர் வந்து நின்றார்கள்,
கெழு என்று யாரை உட்காரவைப்பது?
அடுக்குகளைக் கட்டத்தாளில் குறித்துப் பார்த்தேன்.
ஒரே கோடு.
நீ வடமேற்கே, நான் தென்கிழக்கே.
நீ அரையில் தொடங்கி அரைகளிலேயே கால் வைக்கிறாய்,
நான் முழு எண்களில்.
எதிரெதிரே வந்து, ஒருவரையொருவர் கடந்து,
ஒரு புள்ளியிலும் முட்டிக்கொள்ளாமல்
போய்க்கொண்டே இருக்கிறோம்.

நேற்று இரவு எஸ்கேவா தெருவில் நடந்தேன்.
அந்த ஆறு ஒரு காலத்தில்
இரண்டு கிளையாக இந்த ஊருக்குள் ஓடியதாம்.
நாற்றம் தாங்காமல் மூடி,
வெளியே திருப்பிவிட்டார்கள்.
தெருக்கள் இன்னும் ஆற்றைப் போலவே வளைகின்றன.
பனியில் அந்த வளைவை நம்பித்தான் நடந்தேன்.
சுவரைத் தொட்டபடி போகும்போது
எந்த வழியில் வந்தேன் என்பது மட்டும் தெரிந்தது,
எங்கே நிற்கிறேன் என்பது தெரியவில்லை.

வழியைக் கேட்க வேண்டும்.
ஒய் என்பது எக்ஸின் எத்தனை மடங்கு?
அந்த மடங்குக்கு ஒரு பெயர் வைத்தேன்.
நாம் முட்டிக்கொண்ட ஒற்றைப் புள்ளி
திசைகளின் கோடாக நீண்டு திறந்தது.
ஒரு முனையில் நீ.
என் முனைக்குப் பெயரைத் தலைகீழாக வைக்க வேண்டியிருந்தது,
அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.
நடுவே எல்லாச் சாய்வுகளிலும்
வேர் சாதுவாக வந்து நிற்கிறது.
கழித்தல் ஒன்று என்ற சாய்வில் மட்டும் ஒரு முடிச்சு,
எக்ஸும் ஒய்யும் ஒன்றையொன்று தின்றுவிடும் இடம்.
அங்கும் இன்னொரு அரை அடுக்கு போதும்.

நான்காம் பிரிவாக இதைச் சேர்த்து அனுப்புகிறேன்.
பெயர்களை எந்த வரிசையில் வேண்டுமானாலும் போடு.

ஒன்று மட்டும் சரிபார்க்க முடியவில்லை.
உன் வேருக்கு ஒரு கூட்டல், ஒரு கழித்தல்.
என் வேருக்கும் அப்படியே.
உன் கூட்டல்தான் என் கூட்டல் என்று
இத்தனை நாள் எழுதிவந்தோம்.
நேராக வந்தால் அது சரி.
அந்த முடிச்சை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால்
உன் கூட்டல் என் கழித்தலாக வந்து சேர்கிறது.

எந்தப் பக்கமாகப் போனாய் நீ?